ஆர்டிஸின் கியர் ராடு

ஆர்டிஸ் கிரேபிலுக்கு அருவருப்பான விஷயங்கள் நிறைய உண்டு. முக்கால் டம்ளர் ஐஸ்கட்டியை நிரப்பிவிட்டு மேலே கொஞ்சம் கோலாவை ஊற்றிக் கொடுக்கும் கடை. இறைச்சியைத் தாளோடு சேர்த்து நிறுக்கும் கசாப்புக்காரர். மீட்டர் மட்டும் ஓடி, குழாயில் சொட்டுச் சொட்டாக விடும் பெட்ரோல் பங்க். இவர்களையெல்லாம்கூட ஒரு மூச்சு திட்டிவிட்டு மறந்துவிடுவாள். பழைய காரின் கியர் ராடை வெட்டிக் குட்டையாக்கிவிட்டு, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது என்று பொய் சொல்லிப் போட்டிக்கு வருகிறவனை மட்டும் அவளால் பொறுக்க முடியாது.

குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகமே. கான்சாஸ் மாநிலத்தின் அளவை ஆய்வாளர். சலைனா நகரைச் சுற்றி நாலு மாவட்டத்துப் பெட்ரோல் பங்க், தானியக் கிடங்கு, மளிகைத் தராசு எல்லாம் அவள் கைக்கு வந்துதான் போகும். இருபத்தாறு வருடம் இரும்பு எடைக்கற்களை வேனில் ஏற்றி இறக்கியதில் வலது தோள் ஒரு விரற்கடை தொங்கிப்போயிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. கடைக்காரர் நீட்டுகிற காபியைக் குடிக்கமாட்டாள். அவள் வேன் வந்து நிற்கிறதென்றால் பல கடைக்காரர்கள் முகத்தில் ஈயாடாது. அது அவளுக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு கார் சங்கம் கூடும். ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்து, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். கூம்பை இடித்தால் இரண்டு வினாடி தண்டனை. கம்பெனியில் வந்தபடி இருக்கும் வண்டிகளுக்கு ஒரு பிரிவு, கைவைத்து மாற்றிய வண்டிகளுக்கு வேறு பிரிவு. ஆர்டிஸ் முதல் பிரிவு. 1991-இல் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடிக்க முடிகிற சிவப்பு ஜப்பான் கார். விச்சிட்டாவில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினாள். 'எதையும் தொட்டதில்லை' என்று ரசீதிலேயே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பதினாலு வருடத்தில் அந்தப் பிரிவில் ஒன்பது முறை முதல் இடம்.

சங்கத்து விதிப் புத்தகத்தில் பாதியை அவள்தான் எழுதினாள். புதிதாக வருகிறவர்களைத் தன் காரில் உட்கார வைத்து, கியர் குமிழைப் பிடிக்கச் சொல்வாள்.

"போட்டுப் பாரு. எவ்வளவு கிட்டக் கிட்ட விழுது பாரு. கம்பெனிக்காரன் கொடுத்ததே இவ்வளவு கச்சிதமா இருக்கு. இத விட்டுட்டு வெட்டறேன் ஒட்டறேன்னு அலையுதுங்க. அசிங்கம்."

ராடைக் குட்டையாக்கினால் கை கொஞ்ச தூரம் அசைந்தாலே கியர் விழும். ஒவ்வொரு வளைவிலும் கால் வினாடி மிச்சம். அதற்காகத்தான் வெட்டுகிறார்கள். அந்தக் கால் வினாடியால்தான் டெல்மர் உன்ரூவின் பிழைப்பில் மண் விழுந்தது.

டெல்மருக்கும் அதே மாதிரி கார், வெள்ளை நிறம். நல்ல கை அவனுக்கு. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைக்காலப் போட்டியில் ஆர்டிஸை முந்திவிட்டான். முடிவு அறிவித்து அரை மணிக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்பது விதி. ஆர்டிஸ் சொன்னாள். நாற்பது பேர் சுற்றி நிற்க, ஓடுதளத்துத் தார்த்தரையில் வைத்தே கியர் ராடைக் கழற்றினார்கள். தோலுறைக்குக் கீழே வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பு. ஒன்றேகால் அங்குலம் குறைவு.

"எனக்குத் தெரியாது. வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கணும்" என்றான் டெல்மர்.

"தெரியாதாமே. சத்தியம் பண்ணு பாப்போம்" என்றாள் ஆர்டிஸ்.

அவன் வாயைத் திறக்கவில்லை. டெல்மர் மெனோனைட் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவன். அந்தச் சபையில் யாரும் எதற்கும் சத்தியம் செய்யமாட்டார்கள். கோர்ட்டிலேயே செய்யமாட்டார்கள். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் பேச்சு. கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பார் பார், சத்தியம் செய்ய வாய் வரவில்லை என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். ஆர்டிஸுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அதே சபையில் பிறந்து, பதினெட்டு வயது வரைக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். தெரிந்தேதான் கேட்டாள்.

சங்கத்தின் வெற்றிப் பலகையிலிருந்து டெல்மர் பேரை அழித்தார்கள். அவன் தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தான். லாரியோடு கோதுமையைத் தராசில் ஏற்றினால் எத்தனை பவுண்டு என்று எழுதித் தருவது அவன்தான். அந்தக் கோடைக்குப் பிறகு விவசாயிகள் லாரியிலிருந்து தலையை நீட்டி, "என்ன டெல்மர், இன்னிக்கு முழு எடையா, இல்ல ஒன்னேகால் அங்குலம் கம்மியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேலிதான். ஆனால் தினமும் கேட்டார்கள். பிறகு அவனைத் தராசிலிருந்து மாற்றித் தூசி கூட்டும் வேலைக்குப் போட்டார்கள். ஒரு நாள் அவனே நின்றுவிட்டான்.

இந்த வருடம் ஏப்ரலில் சங்கத்துத் தலைவன் லைல் ஆர்டிஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். லைலுக்கு நாற்பது வயது, யாரையும் பகைத்துக்கொள்ளாத குழைவான ஆள்.

"உங்க பிரிவுல ரெண்டே வண்டிதான் இருக்கு ஆர்டிஸ். மூணாவது இல்லன்னா பிரிவு கிடையாது. நீங்க மாத்தின வண்டிப் பிரிவுக்கு வந்துடுங்க."

"அந்தக் குப்பைக் கூட்டத்துலயா?"

"குட்டை ராடு ஒன்னு வாங்கி மாட்டுங்க. ஒரு மத்தியான வேலைதான். இல்லன்னா அங்க கடைசியாதான் வருவீங்க."

கடைசியாக வருவது ஆர்டிஸுக்கு ஆகாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தபாலில் குட்டை ராடு வரவழைத்தாள். பெட்டியைப் பிரிக்கும்போதே, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால்தான் எடுத்தாள்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம், காரேஜில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். பதினாலு வருடத்தில் அந்த இடத்தை அவள் திறந்ததே இல்லை. தொடாதது என்பதுதான் அந்த வண்டிக்கு மதிப்பு என்று நம்பினாள். ஆயில் மாற்றுவாள், பிரேக் பார்ப்பாள், மற்றபடி கம்பெனி பூட்டிய திருகில் ஸ்பானர் வைக்கமாட்டாள்.

குமிழைத் திருகிக் கழற்றி, இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கினாள். கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல் நாலைந்து. யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம், அதில் யாருடைய தலைமுடியோ. கோலா சிந்திக் காய்ந்து தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு மூலையில் எலி கூடு கட்டிக் குட்டி போட்டுக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பிறை பிறையாகச் சில துண்டுகள் கிடந்தன. பிளாஸ்டிக் என்று நினைத்து எடுத்தாள். வெட்டிப்போட்ட கால் நகம். கையை உதறிவிட்டு, பல் டாக்டரின் வம்சத்தையே திட்டினாள். இதன்மேல்தான் பதினாலு வருடம் முழங்கையை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்.

ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. மூன்று போல்ட்டுகளைத் தளர்த்தி ராடை மேலே இழுத்தாள். அடியிலிருந்து கறுப்பு எண்ணெய் நூலாக வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். முனையில் இருந்த நைலான் புஷ் என்கிற சின்ன வளையம் கை பட்டதும் பொடிந்துவிட்டது. துணியால் துடைத்து, புதிய குட்டை ராடுக்குப் பக்கத்தில் வேலைமேசைமேல் வைத்தாள்.

இரண்டும் ஒரே உயரம்.

தவறான சாமானை அனுப்பிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. கடைக்காரனைத் திட்டக்கூட வாய் திறந்தாள். பிறகு பழைய ராடைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். நடுவில் சுற்றிவர ஒரு மேடு. ராவி வழுவழுப்பாக்கிக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து வெல்டிங் தெரிந்தது. வண்டியின் கையேட்டில் பத்து அங்குலம் என்று போட்டிருந்தது. இரும்பு அளவுகோலை வைத்தாள். எட்டரை. மறுபடி வைத்தாள். எட்டரைதான். ஊர் உலகத்துத் தராசையெல்லாம் சோதித்தவள், தன் கையில் தினமும் பிடித்த ஒரு சாமானை ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை.

உள்ளே புருஷன் கிளேட்டன் டிவி முன்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை தின்றுகொண்டிருந்தார். தோலைக் காபி டம்ளரில் துப்பி, அது முக்கால்வாசி நிறைந்து எச்சிலில் மிதந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

"என் ராடும் வெட்டின ராடு" என்றாள்.

அவர் பார்த்தார். துப்பினார். "அந்தப் பல் டாக்டர் வேலையா?"

"அவனோ, அவனுக்கு முந்தி வச்சிருந்தவனோ. எனக்கென்ன தெரியும்?"

"சரி விடு. நாளைக்குப் புதுப் பிரிவு. புது ராடு. அங்க குட்டையா இருந்தாதான் சட்டம். பழசக் குப்பையில போடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"டெல்மர் மட்டும் திருடனா?"

"நாலு வருஷம் ஆச்சு. அவனே மறந்திருப்பான்."

அவளுக்கு அந்தப் பதில் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதுதான் கேவலம். காரேஜுக்குப் போய்ப் புதிய ராடை மாட்டினாள். கியர்கள் பழையபடியே கச்சிதமாக விழுந்தன. விழாமல் என்ன செய்யும்? பழைய ராடை நேற்றுச் சாப்பிட்ட கோழி எலும்புக்கு அடியில் குப்பைத் தொட்டியில் அமுக்கினாள். கையைச் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினாள். ராத்திரி நன்றாகத் தூங்கியும்விட்டாள். அதுதான் காலையில் எழுந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அளவு குறைத்து விற்றுவிட்டு எப்படித்தான் தூங்குகிறீர்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டவள் அவள்.

விடிந்ததும் குப்பைத் தொட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டாள். எலும்பு, வெந்த முட்டைக்கோஸ், கிளேட்டனின் விதைத் தோல், இரவு முழுக்க ஊறிய காபித்தூள். ராடு அடியில் போய்விட்டிருந்தது. எடுத்து வெளியே போட்டபோது சட்டைக் கை முழுக்கக் கொழகொழவென்றிருந்தது.

ஒன்பது மணிக்கு ஓடுதளத்தில் எல்லாரும் கூடினார்கள். பாதுகாப்பு விதிகளைச் சொல்லி முடித்து லைல் கேட்டான், "வேற யாருக்காவது ஏதாவது?"

"நான் ஒன்னு சொல்லணும்" என்றாள் ஆர்டிஸ்.

"சொல்லுங்க. இன்னிக்கு யாரு மாட்டினது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான்தான்." ராடைத் தூக்கிக் காட்டினாள். "இது என் வண்டில இருந்தது. ஒன்றரை அங்குலம் கம்மி. பதினாலு வருஷமா இத வச்சுத்தான் ஓட்டிருக்கேன். எனக்கு நேத்துதான் தெரியும். ஜெயிச்ச ஒன்பதும் செல்லாது."

எங்கோ ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் அறுபது பேரும் தட்டினார்கள். லைல் அவள் தோளில் கைபோட்டான். "பாத்தீங்களா, இதுதான் ஆர்டிஸ். யாரு வந்து சொல்லுவாங்க இப்படி?" என்றான். ஒரு கிழவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆர்டிஸ் லைலின் கையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டாள். எலிக்கூட்டில் கைவைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்கவில்லை.

"நிறுத்துங்க. எதுக்குத் தட்டறீங்க?" என்றாள். "லைல், பலகையிலேர்ந்து என் பேர எடு."

"எப்படி எடுக்கறது? முடிவு வந்து அரை மணிக்குள்ள சொல்லணும். நீங்க எழுதின விதிதானே?"

"அப்ப டெல்மர் பேர திருப்பிப் போடு."

"அவன் கதை வேற."

"என்ன வேற? எனக்குத் தெரியாதுன்னான். நானும் அதையேதான் சொல்றேன்."

லைல் நெளிந்தான். "நீங்க சொன்னா நாங்க நம்புறோம் ஆர்டிஸ். ஊருக்கே தெரியும் நீங்க எப்படின்னு. அவன் சத்தியம் பண்ணக்கூட வரலையே."

"இப்ப என்னைய ஏன் ஒருத்தரும் சத்தியம் பண்ணச் சொல்லல?"

சிலர் ஹெல்மெட்டைத் துடைத்தார்கள். ஒருவன், நேரமாகிறது, முதல் வண்டியை விடலாமா என்று கேட்டான். சரி சரி என்று கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து அழுத்தி, நீங்கள் பெரிய மனுஷி என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆர்டிஸ் அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். வண்டியை வரிசையில் விடாமல் வெளியே எடுத்து, கிப்சம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் திருப்பினாள்.

கிப்சத்தில் டெல்மர் வீடு சாலையோரம்தான். இப்போது அவன் செத்த மாடுகளை எடுத்துப்போகும் லாரி ஓட்டுகிறான். பண்ணைகளில் நோயிலும் வெயிலிலும் செத்து ஊதியவற்றைக் கொக்கி போட்டு இழுத்து ஏற்றி, கொழுப்பு உருக்கும் ஆலைக்குக் கொண்டுபோவது. ஞாயிற்றுக்கிழமை லாரி கழுவும் நாள். கால் மைலுக்கு முன்னாலேயே நாற்றம் கூரையை மடித்துவிட்டிருந்த காருக்குள் வந்துவிட்டது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, குழாயால் லாரித் தட்டில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்துக் குழாயை மூடினான். "தள்ளி நில்லு. மேல தெறிக்கும்."

அவள் தள்ளி நிற்கவில்லை. ராடை நீட்டினாள். "என் வண்டியோடது."

கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினான். கட்டைவிரலை வெல்டிங்மேல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினான். "எவ்வளவு?"

"ஒன்றரை."

"எனக்கு ஒன்னேகால்தான்" என்றான். "சங்கத்துல சொன்னியா?"

"இப்பதான் சொல்லிட்டு வரேன்."

"என்ன சொன்னாங்க?"

அவளுக்கு அதைச் சொல்ல வாய் கூசியது.

"கை தட்டினாங்க."

"ஓ" என்றான். "எனக்கு நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விட்டாங்க. நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்."

"அது எனக்குத் தெரியாது டெல்மர்."

"உனக்குத் தெரியாதது நிறைய இருக்கு போல."

ஈ மொய்த்தது. அவள் விரட்டவில்லை. "உன் தராச வருஷத்துக்கு ரெண்டு தடவ நான்தான் பாத்தேன். ஒரு பவுண்டு கூட முன்ன பின்ன இருந்ததில்ல. அத நான் அப்பவே நாலு பேர் முன்னாடி சொல்லிருக்கணும். சொல்லல."

"ஆமா. சொல்லிருக்கணும்."

"இன்னிக்கு உன் பேரத் திருப்பிப் போடச் சொன்னேன். போடமாட்டேங்கறாங்க. நான் விடப்போறதில்ல."

"எனக்கு எதுக்கு அந்தப் பலகை? இந்த நாத்தத்தோட நான் எங்க வரப்போறேன்?"

அவன் ராடைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். கேட்காமல் போக முடியவில்லை.

"இது வெட்டின ராடுன்னு எனக்குத் தெரியாது டெல்மர். மத்தவங்க எப்படியோ போகட்டும். நீ நம்பினாப் போதும்."

டெல்மர் அவள் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு லாரியின் எடையைப் படிக்கிற நிதானத்தோடு பார்த்தான்.

"நான் நம்பல" என்றான்.

"சத்தியமா தெரியாது."

"சத்தியம் பண்ணினாலும் நம்பல ஆர்டிஸ்."

கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைத் திறந்தான். லாரித் தட்டிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் இறங்கி, முடியும் கொழுப்பும் மிதக்க, அவள் செருப்பை நோக்கி வந்தது. தெரியாது என்பதற்கு வேறு என்ன காட்டலாம் என்று அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் அவள் கால்விரலை நனைத்துக்கொண்டு ஓடியது.